வெள்ளைக் குதிரைக்கு ஒரு தட்டுக் கொள்ளு

போன மாதம் ஈப்போவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தோட்டத்துப் பள்ளியில் ஒன்றாகப் படித்த நாம் எல்லாரும் கூடினோமே, அன்றைக்கு யாரோ எங்கள் வீட்டுக் குதிரையைப் பற்றிப் பேச்சை எடுத்தீர்கள். யார் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். "திருவிழா அன்னிக்கு முனியாண்டி தன் குதிரையத் தானே கூப்பிட்டுக்கிட்டாரு" என்றார் ஒருவர். "இல்லலா, அவங்க அப்பா வேர்த்து நின்ன குதிரைக்குத் தண்ணி வெச்சிட்டாரு. இத்தன வருசம் குதிர பாத்த மனுசன், தண்ணி வெக்கத் தெரியல" என்றார் இன்னொருவர். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். கோழிப் பிரட்டலை இலையில் போட்டுக்கொண்டே சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தபின் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நமக்கெல்லாம் அறுபது தாண்டியாகிவிட்டது. பாதிப் பேர் மாத்திரை டப்பாவோடுதான் அன்றைக்கு வந்திருந்தோம். இனி எதற்கு மூடி வைப்பது? அந்தக் குதிரையைக் கொன்றது முனியாண்டியும் இல்லை, என் அப்பாவும் இல்லை. பத்து வயதில் நான் செய்த ஒரு காரியமும் அதை மறைக்கச் சொன்ன ஒரு பொய்யும்தான். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால் எழுதி நம் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். படித்துவிட்டு யாரும் ரோஜாப்பூ படம் அனுப்ப வேண்டாம்.

எங்கள் அப்பா சைஸ். பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: பந்தயக் குதிரைகளைக் குளிப்பாட்டி, தேய்த்து, தீனி வைத்து, நடத்திக் கூட்டிப் போகிறவருக்கு அந்தப் பெயர். அம்மா செமோர் பக்கத்து நம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்ததால் எங்களுக்குத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீடு இருந்தது. தோட்டத்து ஆண்கள் எல்லாரும் வாளியும் கத்தியுமாகக் காட்டுக்குப் போக, அப்பா மட்டும் விடியுமுன் சைக்கிளில் ஈப்போ பந்தயத் திடலுக்குப் போவார். அவர் சட்டையிலிருந்து வைக்கோல், தோல் வாருக்குப் போடும் எண்ணெய், குதிரை வேர்வை மூன்றும் கலந்து வரும். அம்மா அந்தச் சட்டையை மற்றத் துணிகளோடு ஊறவைக்கவே மாட்டார்.

அந்தத் திடலில் ஒரு கிழட்டுக் குதிரை இருந்தது. ஓடுகிற காலத்தில் அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் உண்டாம். அப்பாவால் அதைச் சொல்ல முடியாது. தம்பி என்றுதான் கூப்பிடுவார். சாம்பல் நிறத்தில் இருந்த குதிரை வயதாக ஆக வெளுத்து முழு வெள்ளையாகிவிட்டது. பந்தயம் ஓடி முடித்தபின், மிரளும் இளங்குதிரைகளுக்குத் துணையாகக் கூடவே நடக்கும் வேலை அதற்கு. அதற்கும் கால் ஒத்துழைக்காமல் போனபோது, ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று பேசியிருக்கிறார்கள். அப்பா போய்ச் சொந்தக்காரரான தவுக்கே, அதாவது சீன முதலாளியின் முன்னால் நின்றிருக்கிறார். "அம்பில் லா. சுடா துவா" என்றாராம் தவுக்கே. எடுத்துக்கோ, கிழடாகிப் போச்சு என்று அர்த்தம்.

ஈப்போவிலிருந்து செமோர் வரை பெரிய சாலையோரமாக அப்பா அதை நடத்தியே கூட்டிவந்தார். லாரிக்காரர்கள் ஆரன் அடித்தார்களாம். தோட்டத்து முகப்பில் நுழைந்ததும் நீங்கள் எல்லாரும் பின்னால் ஓடிவந்தீர்கள். பசுவை விற்றபின் எங்கள் கொட்டகை காலியாக இருந்தது. அங்கே கொண்டுபோய்க் கட்டினார்.

அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

"ஏங்க, ஊரு ஒலகத்துல புருசன்மாரு மீன் வாங்கிட்டு வாராங்க, காய் வாங்கிட்டு வாராங்க. நீங்க குதிரைய வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"வாங்கலம்மா. சும்மாதான் குடுத்தாங்க."

"சும்மா குடுத்தா யானையையும் கூட்டியாருவீங்களா?"

அப்பா தம்பியின் கழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அன்று மாலையே கிராணியார் வந்தார். தோட்ட ஆபீசின் எழுத்தர்தான் கிராணி. துரைக்கு அடுத்தபடி நம் தலையெழுத்தெல்லாம் அவர் கையில். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆடு மாடு வளர்க்க அனுமதி உண்டு, குதிரையைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை என்று யோசித்தார். எழுதாததைத் தடுப்பது எப்படி என்று தெரியாமல் போய்விட்டார்.

தம்பிக்குப் பல் தேய்ந்திருந்தது. புல்லை வாயில் போட்டு மெல்லும், மெல்லும், கடைசியில் விழுங்க முடியாமல் பச்சை உருண்டையாகக் கீழே துப்பிவிடும். கொட்டகைத் தரையெல்லாம் அந்த ஈர உருண்டைகள் கிடக்கும். அதனால் அதற்குத் தீனியைப் பக்குவம் செய்துதான் வைக்க வேண்டும். அப்பா விடியுமுன் போய்விடுவதால் காலைத் தீனி என் பொறுப்பு. புல்லை விரல்கடை நீளத்துக்கு நறுக்க வேண்டும். தவிட்டை வெந்நீரில் கொட்டி, உப்புப் போட்டு, கஞ்சியாகக் குழைக்க வேண்டும்.

முதல் நாள் அப்பா என் கையைப் பிடித்து அந்தக் கஞ்சிக்குள் முழங்கை வரை விட்டார்.

"தடவிப் பாரு பாப்பா. கட்டி இருக்கக் கூடாது. இருந்தா அப்படியே முழுங்கிடும். குதிரைக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. உள்ள போனது போனதுதான்."

இதை மறக்காமல் மனத்தில் வையுங்கள். நான் மறக்கவில்லை; அதுதான் விஷயமே.

தம்பி சாப்பிடும்போது மேலுதடு தனியாக ஓர் ஆள் மாதிரி வேலை செய்யும். கஞ்சியை நக்கி முடித்ததும் என் சட்டைப் பையை முட்டும். சூடான மூச்சு வயிற்றில் படும். கண் இமை மயிர்கூட வெள்ளை. அதை எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் பிடிக்கும். வீட்டு வாசலைத் தாண்டினால் எனக்கு அது யாரோ.

ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் என் பெயரே போய், நீங்கள் என்னை "லத்தி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தீர்கள். குதிரைச் சாணத்துக்கு அதுதான் பெயர் என்று யார் கண்டுபிடித்துச் சொன்னதோ. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் என் விரலிடுக்கில் தவிட்டு வாடை நின்றது. கிராணியார் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பெஞ்சை மாற்றிக்கொண்டாள். (நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. தயவுசெய்து கடைசி வரை படி.) வாத்தியார் நல்லவர், "காத்தோட்டமா இருக்கும்மா" என்று என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். அதற்கு இரண்டு அடி கொடுத்திருக்கலாம்.

ஒருநாள் பள்ளி விடுகிற நேரத்தில் பெருமழை. அப்பாவுக்கு அன்றைக்கு அரைநாள் வேலைபோலும். வாசலில் தம்பியோடு வந்து நின்றார். அதன் முதுகில் ஒரு கோணியும் அதன்மேல் ரப்பர் துணியும் விரித்து, நான் நனையாமல் உட்கார்ந்து வர ஏற்பாடு. அவர் தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. கிழட்டுக் குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வால் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கிராணியார் மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க குதிரதான அது?" என்றாள்.

"இல்ல. எங்களுது வேற" என்றேன். இந்தச் செமோரில் வேறு எங்கே குதிரை இருந்தது என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நான் பின்பக்க வேலி வழியாகப் புகுந்து, ரப்பர் காட்டுக்குள் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடிப்போய்விட்டேன். வாத்தியார் கதவைப் பூட்டும் வரை அப்பா நின்றுவிட்டு வந்தார். என்னை எதுவும் கேட்கவில்லை. தம்பியைத் துவட்டிவிட்டு, "மழ வேற பக்கமா போயிருச்சு போல" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அது என்ன பேச்சு என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான் வேறு வழியாக வந்ததைத் தெரிந்துகொண்டு, அதை அம்மாவிடமிருந்து மறைத்திருக்கிறார்.

இந்த நிலைமை எப்படி மாறியது என்றால், கோயில் பூசாரியால். நம் தோட்டத்து முனியாண்டி கோயிலில் சாமிக்கு வாகனம் கிடையாது. பின்சுவரில் சுண்ணாம்பால் வரைந்த ஒரு வெள்ளைக் குதிரைதான். ஒரு வெள்ளிக்கிழமை பூசாரி எங்கள் கொட்டகைப் பக்கமாகப் போனவர், தம்பியைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்தார். அவ்வளவுதான். அடுத்த வெள்ளி பத்துப் பெண்கள். அதற்கடுத்த வெள்ளி சூடம், சாம்பிராணி, மாலை. தம்பி மாலையைத் தின்றது. அதையும் புண்ணியம் என்றார்கள்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் சாமி விஷயம். "கும்பிடுங்க, அதுக்கு ஒன்னுமில்ல. வாயில மட்டும் எதுவும் குடுக்காதீங்க. பல்லு இல்லாத ஜீவன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். கேட்கிற ஆட்களா? ஒருவர் பழம், ஒருவர் தேங்காய்ச் சில்லு. அந்தக் கூட்டத்தில் யாரும் அதற்குமுன் குதிரையைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆனால் குதிரை என்றால் கொள்ளு தின்னும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். பாட்டன் பூட்டனோடு கப்பலேறி வந்த அறிவு அது. "கொள்ளு வெக்கிறீங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. கடைசியில் அப்பா பிரம்பில் ஒரு வாய்க்கூடு பின்னித் தம்பியின் வாயில் மாட்டிவிட்டார். தீனி வேளைக்கு மட்டும் கழற்றுவது. அதைக் கழற்றும் உரிமை இரண்டே பேருக்கு: ஒன்று அவர், இன்னொன்று நான்.

இப்போது நான் யார் தெரியுமா? சாமி குதிரைக்காரி. லத்தி என்று கூப்பிட்ட வாய்களே பக்கத்தில் வந்து, "தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டன. யாரைத் தொடவிடுவது, யாரைத் தள்ளி நிற்கவைப்பது என்று நான்தான் முடிவுசெய்தேன். மழையில் எங்களுது இல்லை என்று சொன்ன அதே குதிரையை, கேட்காதவர்களிடமும் எங்க குதிர என்று சொல்லத் தொடங்கினேன். கிராணியார் மகள் மட்டும் வரவில்லை. அவள் ஒருத்தி வராததால் மற்றவர்கள் வந்ததெல்லாம் எனக்குக் கணக்கிலேயே இல்லை.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குப் பந்தயமும் இருந்ததால் அப்பா வேலைக்குப் போகவேண்டியிருந்தது. அம்மா கோயிலில் சமையல். கொட்டகைக்குக் காவல் நான். புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, உறுமிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டு, அழுகையும் ஆத்திரமுமாக உட்கார்ந்திருந்தேன். "கூட்டம் வரும் பாப்பா. வாய்க்கூட்டக் கழட்டாதே. தொட்டியில தண்ணி கொறஞ்சா ஊத்து" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் அப்பா.

உச்சி வேளைக்குக் கிராணியம்மா வந்தார், மகளைக் கூட்டிக்கொண்டு. கையில் பெரிய எவர்சில்வர் தட்டு. குவித்து வைத்த கொள்ளு, நடுவில் குங்குமமும் செம்பருத்தியும். மகள் கையில் இன்னொரு பை, அதிலும் கொள்ளு. ஈப்போ வரை ஆள் அனுப்பி வாங்கியதாம். ஊறவைக்கவில்லை, வேகவைக்கவில்லை. நேர்த்திக்கடனை அப்படியே, முழுசாகத்தான் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவருடைய மூத்த மகனுக்கு வலிப்பு நோய் இருந்ததை நாம் எல்லாரும் அறிவோம். ஆறு மாதமாக வலிப்பு வராமல் இருந்தது. முனியாண்டி குதிரைக்கு வயிறாரக் கொள்ளு கொடுக்கிறேன் என்று அந்தத் தாய் வேண்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு நினைத்தால் அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பிள்ளைக்காக நான் இதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனமெல்லாம் செய்திருக்கிறேன்.

"அந்தக் கூட்டக் கழட்டும்மா."

"அப்பா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அப்பாவுக்கு என்னம்மா தெரியும், அவரு பாக்கிறது பந்தயக் குதிர. இது சாமி குதிர. கொள்ளு திங்காத குதிர எங்கயாச்சும் இருக்கா?"

நான் அசையவில்லை. அப்போது கிராணியார் மகள் என் பக்கத்தில் வந்து, என் கையைப் பிடித்தாள். தவிட்டு வாடை அடிக்கும் அதே கை. "கழட்டுடி. அப்புறம் நீயும் எங்கூட வா. கோயில்ல ஒன்னா உக்காந்து சாப்பிடலாம்" என்றாள்.

கழற்றினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

தம்பி தட்டில் வாயை வைத்தது. தகரத்தில் மழை விழுகிற சத்தம் வந்தது. மெல்லவே இல்லை. ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை. வழக்கமாகத் துப்பும் உருண்டை ஒன்றுகூட விழவில்லை. தட்டு முடிந்ததும் பையையும் கொட்டினோம். அதையும் நக்கி முடித்து, நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. கிராணியம்மா கண்ணீர் விட்டார். நான் வாய்க்கூட்டைத் திரும்ப மாட்டினேன். நெற்றியில் அவர் வைத்த குங்குமத்தை ஈரத் துணியால் துடைத்தேன். அப்பாவுக்குத் தெரியக் கூடாதே. தொட்டியில் தண்ணீர் இல்லை என்பதைப் பார்த்தேன். வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று கிராணியார் மகளோடு கோயிலுக்கு ஓடினேன்.

பாயசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டோம். அவள் தன் கண்ணாடி வளையலில் இரண்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். உங்களில் சிலரும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த மத்தியானம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது நாலு மணி இருக்கும். அப்பா, அவர் பார்க்கும் குதிரையின் ஓட்டம் முன்னதாகவே முடிந்ததால், எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். தம்பிக்குக் கழுத்தெல்லாம் வேர்வை. காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு, வாய்க்கூட்டைக் கழற்றி, ஒரு வாளி தண்ணீரைத் தூக்கி அதன் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். "பாவம், தொண்ட காஞ்சு நிக்குது" என்றார். அந்த நொடியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கொள்ளு தின்றிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அது தண்ணீரில் ஊறி வயிற்றுக்குள் உப்பும் என்று தெரிந்தவர், வாளியைப் பிடுங்கியிருப்பார். தொட்டியில் தண்ணீர் ஊற்றாததற்குத் திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டு, கையிலிருந்த வளையலைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு நின்றேன். தம்பி ஒரே மூச்சில் குடித்தது. அப்பா இன்னொரு வாளி வைத்தார். அதையும் குடித்தது.

அரை மணி நேரத்தில் அது வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. காலால் தரையைத் தோண்டியது. பிறகு படுத்துப் புரண்டது. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. எழுப்பி, கயிற்றைப் பிடித்துக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடத்தினார். "ஓடு பாப்பா! கிராணியார் வீட்டுல போன் இருக்கு. பந்தயத் திடல் டாக்டருக்குப் பேசச் சொல்லு!"

ஓடினேன். கிராணியார் போனைச் சுழற்றி, டாக்டரைப் பிடித்து, இங்கிலீஷில் பேசினார். நடுவில் ரிசீவரை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன தின்னுச்சுன்னு கேக்கிறாரு. தானியம் ஏதாச்சும் தின்னுச்சா?"

அவருக்குப் பின்னால் கதவோரம் கிராணியம்மா நின்றார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், இல்லை என்பதுபோல. அவருக்குப் பக்கத்தில் மகள்.

"இல்ல. புல்லும் தவிடுந்தான்" என்றேன்.

கிராணியார் அதையே சொன்னார். அப்படியானால் வேர்த்து நின்ற குதிரை மடமடவென்று தண்ணீர் குடித்ததுதான் காரணம், நடத்திக்கொண்டே இருங்கள், பந்தயம் முடிந்ததும் வருகிறேன் என்றாராம் டாக்டர். அவசரம் என்று தெரிந்திருந்தால் உடனே புறப்பட்டிருப்பாரோ என்னவோ. நான் படியிறங்கும்போது கிராணியம்மா பின்னாலேயே வந்து என் தோளைப் பிடித்தார். "சொல்லிடாதம்மா. நேர்த்தி குத்தமாயிரும். என் புள்ளைக்குத் திரும்ப வந்துரும்" என்றார்.

அப்பா தம்பியை நடத்திக்கொண்டே இருந்தார். வயிறு உப்பிக்கொண்டே போனது. நம்மில் பலர் வந்து சுற்றி நின்றீர்கள். பூசாரி திருநீறு போட்டார். சூரியன் இன்னும் மரத்துக்கு மேலே இருந்தபோதே அதன் முன்னங்கால் மடங்கியது. கோயில் பக்கமாகத்தான் விழுந்தது. அந்தப் பக்கம்தான் தரை சரிவு. அதைத்தான் மண்டியிட்டுக் கும்பிட்டது என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வயிற்றைத் தட்டிப் பார்த்து, முகத்தைச் சுருக்கி, மலாயில் அப்பாவிடம் மறுபடியும் கேட்டார்: நிச்சயமாகத் தானியம் எதுவும் இல்லையா, யாராவது கொடுத்திருக்கலாமே? அப்பா என்னைப் பார்க்கக்கூட இல்லை. "வாய்க்கூடு மாட்டி வெச்சிருந்தேன் டாக்டர். காவலுக்கு எம் பொண்ணு இருந்தா. சொன்னா சொன்னபடி கேக்கிற புள்ள" என்றார். வெட்டிப் பார்க்கட்டுமா என்று டாக்டர் கேட்டதற்கு, வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் தோட்டத்து டிராக்டர் வந்தது. ரப்பர் காட்டு ஓரத்தில் எட்டு ஆண்கள் குழி தோண்டினார்கள். மாலை, மஞ்சள், உறுமி என்று ஏக மரியாதை. கிராணியம்மா வரவில்லை. சில மாதத்தில் அவர்கள் சித்தியவான் பக்கம் மாற்றலாகிப் போனார்கள். அவர் மகனுக்கு வலிப்பு திரும்ப வந்ததா என்று எனக்குத் தெரியாது; மகளிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. வராமல் இருந்திருக்க வேண்டும் என்றே இன்றுவரை வேண்டிக்கொள்கிறேன். (நீ பையைப் பிடித்தாய், அவ்வளவுதான். கூட்டைக் கழற்றியது நான். தானியம் தின்றதா என்று கேட்டபோது இல்லை என்றதும் நான்.)

அப்பா அதன்பின் பந்தயத் திடலுக்குப் போகவில்லை. கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். "வேர்த்து நிக்கிற குதிரைக்குத் தண்ணி வெக்கிறவன் கையில அடுத்தவன் குதிரைய எப்பிடிக் குடுப்பாங்க? அவங்க குடுத்தாலும் நான் எப்பிடிப் புடிப்பேன்?" என்று சொல்லிவிட்டார். தோட்டத்திலேயே மருந்தடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். முதுகில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு மரங்களுக்கிடையே நிரை நிரையாக நடந்தார். குதிரையின் கால் சூட்டைத் தொட்டே நோய் சொல்லும் கை, களைக்கொல்லிக் குழாயைப் பிடித்தது. சட்டையில் மருந்து நெடி. அம்மா அதையும் தனியாகத்தான் துவைத்தார். கோபம் வந்தால் அம்மா, "ஒரு குதிரைக்குத் தண்ணி வெக்கத் தெரியல, இவரு பேச வந்துட்டாரு" என்பார். அப்பா அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவார். ஒவ்வொரு முறையும் நான் அதே வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம், பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நான் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டி, ஈப்போவில் வீடு வாங்கினேன். அம்மா போனபின் அப்பா என்னோடு வந்து இருந்தார். சொல்லச் சமயம் கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. தினமும் காலையில் கோப்பி போட்டு அவர் முன்னால் வைத்தேன். பதினோரு வருஷம் வைத்தேன்.

அவர் போவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு மத்தியானம், கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "பாப்பா" என்றார். வெகுகாலமாக என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. அந்தத் தம்பி விசயம்."

என் கை நின்றது. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"நீ சின்னப் புள்ள. அது மேல உசுரா இருந்தே. வெடியக் காலையில எந்திரிச்சி அதுக்குப் புல்லு நறுக்குவே. நான் ஒரு வாளித் தண்ணியில அத முடிச்சிட்டேன். அன்னையிலேருந்து நீ எம் மூஞ்சியப் பாத்துப் பேசினதில்ல. கோவம்னு எனக்குத் தெரியும். நியாயமான கோவந்தான். ஆனா எனக்கும் வயசாயிருச்சி பாப்பா. போறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடு."

நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசாதது உண்மை. அதைக் கோபம் என்று நாற்பது வருஷமாக எண்ணி, தாங்கிக்கொண்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்க நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த வயதில் அவர் தாங்கமாட்டார் என்று நினைத்து மறைத்தேன் என்று உங்களிடம் எழுதலாம். அப்படி எழுதி, பிறகு அழித்தேன். சொன்னால் அதற்கப்புறம் என்னை அவர் எப்படிப் பார்ப்பார் என்பது ஒன்றுதான் எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது.

"கோவமெல்லாம் இல்லப்பா" என்றேன். "தெரியாம நடந்ததுதான? நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்."

அப்பா என் கையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.